நீ… நீங்க… நாம!
ஒருவரை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது அவர் நம்மிடம் எவ்வளவு பேசுவார் என்பது

போன மாதம் அம்மாவை எலும்பு மருத்துவரிடம் காட்டுவதற்காக ஒரு மருத்துவமனையில் காத்திருந்தேன். எங்களுக்கு இரண்டு டோக்கன் முன்னால் ஒரு பெரியவர். அறுபத்தைந்து வயதிருக்கும். பழுப்பேறிய வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சப்பை. பைக்கு வெளியே பழைய எக்ஸ்ரே கவர் நீட்டிக்கொண்டிருந்தது. கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த இளைஞருக்கு இருபத்துநான்கு, இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. “யோவ், இங்க என்ன நிக்கிற? அங்கிட்டுப் போய் உக்காரு” என்றார். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். அவருக்குப் பின்னாலேயே பேன்ட், சட்டை, மூக்குக்கண்ணாடியோடு ஒருவர் வந்தார். பெரியவரைவிட இளையவர்தான். “வாங்க சார், உக்காருங்க சார், கூப்பிடுறேன்” என்று அதே குரல் கனிந்தது.

பெரியவர் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அம்மாவுக்கு யாரும் பக்கத்தில் உட்கார்ந்தால் பேசாமல் இருக்க முடியாது. “என்னண்ணே, உங்களுக்கும் மூட்டா?” என்று கேட்டார். “இடுப்பு தாயி. மூணு மாசமாச்சு. திரும்பிப் படுக்க முடியல. சில ராத்திரி துண்டை வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டுக் கெடப்பேன், சத்தம் கேட்டு மருமக எந்திரிச்சிரக் கூடாதுன்னு” என்றார் அவர்.

பத்து நிமிடத்தில் அவர் டோக்கன் வந்தது. கதவு பாதி திறந்திருந்ததால் உள்ளே நடந்தது காதில் விழுந்தது.

“என்னய்யா பண்ணுது?”

“ஒண்ணுமில்லைங்க சார். இடுப்புல லேசா வலிங்க.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு மூணு நாளாத்தாங்க.”

மூன்று மாதம் எப்படி மூன்று நாளாகச் சுருங்கியது? வலி அதேதான், சொன்னவரும் அவரேதான். வெளியே அம்மா ‘அண்ணே’ என்று கூப்பிட்டிருந்தார். வாசலில் அவர் ‘யோவ்’, உள்ளே ‘என்னய்யா’. அண்ணன் என்று கூப்பிடப்பட்டவர் தன் ராத்திரிகளைப் பற்றிப் பேசினார். ‘யோவ்’ என்று கூப்பிடப்பட்டவர், பெரிய மனிதரின் நேரத்தை வீணாக்கிவிடக் கூடாதே என்று பயந்தார்.

வீட்டுக்கு வந்தபிறகும் அந்தப் பேச்சு மனதைவிட்டுப் போகவில்லை. ஒருவரை ஒரு சொல்லால் கூப்பிடும்போது அவர் யார் என்று நாமே அவருக்குச் சொல்லிவிடுகிறோம். அதன் பிறகு அவர் பேசுவதெல்லாம் நாம் கொடுத்த அந்த இடத்தில் நின்றுகொண்டுதான். அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902-இல் எழுதிய நூலில், மனிதன் தன்னைப் பற்றிய எண்ணத்தை மற்றவர் முகம் என்னும் கண்ணாடியில் பார்த்துத்தான் உருவாக்கிக்கொள்கிறான் என்றார். தமிழில் அந்தக் கண்ணாடிக்குக் குரல் உண்டு. ‘டேய்’, ‘யோவ்’, ‘ஏம்மா’, ‘அண்ணே’, ‘சார்’ என்று நாள் முழுக்க அது நம்மைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.

தப்பிக்க வழியில்லாத தேர்வு

ஆங்கிலத்தில் பிரதமருக்கும் ‘யூ’தான், பேப்பர் போடும் பையனுக்கும் ‘யூ’தான். தமிழில் அந்த வசதி கிடையாது. ‘போ’ என்ற ஒரு வேலையைச் சொல்ல நம்மிடம் எத்தனை படிகள் இருக்கின்றன பாருங்கள்: போடா, போ, போய்யா, போப்பா, போம்மா, போங்க, போங்கண்ணே. யாழ்ப்பாணத்தில் நடுவில் இன்னொரு படியும் இருக்கிறது. இங்கே நாடக வசனமாகிவிட்ட ‘நீர்’ அங்கே இன்றும் வீட்டுப்பேச்சு. ‘நீ’ என்றால் அதிகமாக ஒட்டுகிறது, ‘நீங்கள்’ என்றால் அதிகமாக விலகுகிறது என்று தோன்றும் இடத்தில் ‘நீர் வாரும்’ வந்து நிற்கும்.

ஆக, தமிழில் ஒருவரிடம் வாய் திறப்பதற்கு முன்பே மனம் ஒரு கணக்குப் போட்டு முடித்திருக்கும். இவர் என்னைவிடப் பெரியவரா, சிறியவரா? பணமா, படிப்பா, வயதா? நம்ம ஆளா, வெளி ஆளா? இதையெல்லாம் முடிவு செய்யாமல் ‘உக்காரு’ என்றோ ‘உக்காருங்க’ என்றோ சொல்லிவிட முடியாது. நாம் தேர்ந்தெடுப்பதை வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும்.

இது தமிழுக்கு மட்டும் உரியதல்ல. பிரெஞ்சில் ‘து’, ‘வூ’. ஜெர்மனில் ‘டு’, ‘ஸீ’. இந்த இரட்டைச் சொற்களைப் பற்றி ரோஜர் பிரௌனும் ஆல்பர்ட் கில்மனும் 1960-இல் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது. அவர்கள் சொன்னதன் சாரம் எளிமையானது. ஒருவர் ‘நீ’ சொல்கிறார் என்பதை வைத்து மட்டும் எதுவும் முடிவு செய்யாதீர்கள், அவருக்குத் திரும்ப என்ன வருகிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ‘நீ’ என்றால் நெருக்கம். இரண்டு பக்கமும் ‘நீங்கள்’ என்றால் மரியாதை. ஒரு பக்கம் ‘நீ’ போய் மறுபக்கம் ‘நீங்கள்’ வந்தால் அங்கே அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது.

ஒருநாள் முழுக்க இதைக் கவனித்துப் பாருங்கள். அபார்ட்மென்ட் வாசலில் காவலாளி, வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா, ஹோட்டலில் மேஜை துடைக்கும் வடமாநில இளைஞர், ஆட்டோ ஓட்டுநர். நீங்கள் இவர்களுக்கு எதைக் கொடுக்கிறீர்கள், இவர்களிடமிருந்து எதை வாங்கிக்கொள்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிப் பார்த்தேன். சங்கடமாகத்தான் இருந்தது.

மரியாதைப் பேச்சைப் பற்றி உலகப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் மாணவர்கள் கோவை மாவட்டத்துக் கிராமத் தமிழையும் சேர்த்துப் படிக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பெனிலோப் பிரௌனும் ஸ்டீபன் லெவின்சனும் எழுதி 1978-இல் முதலில் வெளியாகி, 1987-இல் தனி நூலான ஆய்வு மூன்று மொழிகளை அடித்தளமாக வைத்துக்கொண்டது: ஆங்கிலம், மெக்ஸிகோவில் மாயா மக்கள் பேசும் செல்ட்டால், நம் தமிழ். தமிழுக்கான களப்பணியைச் செய்தவர் லெவின்சன். எந்தச் சாதிக்காரர் எந்தச் சாதிக்காரரை எப்படிக் கூப்பிடுகிறார், திரும்ப எப்படிக் கூப்பிடப்படுகிறார் என்பதைப் பதிவு செய்தாலே அந்த ஊரின் படிநிலை தெரிந்துவிடும் என்று அவர் காட்டினார்.

அவர்களுடைய ஆய்வின் மையச் சொல் ‘முகம்’. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1955-இல் எழுதியதிலிருந்து அதை எடுத்துக்கொண்டார்கள். நாலு பேர் முன்னால் ஒருவர் தனக்கென்று வைத்திருக்கும் மதிப்பே அந்த முகம். பேச்சில் அதைக் காப்பாற்றவும் செய்யலாம், கிழிக்கவும் செய்யலாம். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘முகம் கொடுத்துப் பேசல’, ‘மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டான்’, ‘சொன்னதும் முகம் செத்துப்போச்சு’, ‘எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போய்க் கேப்பேன்’ என்று எத்தனை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம்! கோட்பாட்டை அவர்கள் எழுதியிருக்கலாம், அனுபவம் நம் வீட்டில் இருக்கிறது.

இந்த மரியாதையின் பிறப்பைப் பற்றித் தொல்காப்பியம் ஒரு முக்கியமான செய்தி சொல்கிறது. ஒரே ஆளைப் பன்மையில் குறிப்பது உயர்வு கருதி வழக்கில் உண்டானது, இலக்கண நெறிப்படி வந்ததல்ல என்று கிளவியாக்கத்தில் ஒரு நூற்பா இருக்கிறது. பழைய இலக்கணச் செய்தி என்று இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. மரியாதை மொழியின் எலும்பில் இல்லை, அது பேசுகிற மக்கள் உண்டாக்கிய பழக்கம் என்று நமக்குக் கிடைத்திருக்கும் முதல் இலக்கண நூலே சொல்லிவிட்டது. மக்கள் உண்டாக்கியதை மக்களே திருத்தவும் முடியும்.

‘எங்க அம்மா’ என்னும் ஒற்றைப் பிள்ளை

வீட்டுக்கு ஒரே பிள்ளையாக வளர்ந்த ஒருவரிடம் பேசிப் பாருங்கள். “எங்க அம்மா டீச்சர்” என்றுதான் சொல்வார். கூடப்பிறந்தவர் யாரும் இல்லை, இருந்தும் அம்மா ‘எங்க’ அம்மாதான். தனியாகக் கடன் வாங்கித் தனியாகக் கட்டிய வீடும் ‘எங்க வீடு’. கட்டிய கணவனைக்கூட ‘எங்க வீட்டுக்காரர்’ என்றுதான் சொல்கிறோம். பேச்சுத்தமிழில் ‘என்’ என்பது பேனா, செருப்பு, செல்போன் மாதிரிப் பொருள்களோடு நின்றுவிடுகிறது. உறவு என்று வந்துவிட்டால் பெரும்பாலும் ‘எங்க’தான்.

தமிழரின் ‘நான்’ எப்படிப்பட்டது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். அந்த ‘நான்’ தனியாக நிற்பதில்லை. அதன் பின்னால் ஒரு வீடு நிற்கிறது.

ஹேசல் மார்க்கஸ், ஷினோபு கிடயாமா என்ற இரு உளவியலாளர்கள் 1991-இல் எழுதிய கட்டுரை இந்த ‘நான்’களை இரண்டு வகையாகப் பார்த்தது. சில சமூகங்களில் ஒருவர் தன்னைத் தனித்து நிற்பவராக உணர்கிறார்: என் குணம், என் திறமை, என் விருப்பம். வேறு சில சமூகங்களில் மற்றவர்களோடு பின்னியவராக உணர்கிறார்: இன்னாருடைய மகன், இன்னாருக்கு அக்கா, இந்த ஊர்க்காரன். ‘நான் யார்?’ என்ற ஒரே கேள்விக்கு இருபது முறை பதில் எழுதச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. கூன், மெக்பார்ட்லாண்ட் என்ற இருவர் 1954-இல் அதை உருவாக்கினார்கள். வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எழுதிப் பார்த்தோம். அம்மா எழுதியதில் முதல் பதினோரு வரியும் உறவுகள். பதினேழு வயது மகள் எழுதியதில் முதல் உறவு ஒன்பதாவது வரியில் வந்தது. ஒரே சாப்பாட்டு மேஜையில் இரண்டு வகை ‘நான்’ உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டில் பாதிச் சண்டைகள் எங்கிருந்து வருகின்றன என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மேற்கு தனிமனிதன், கிழக்கு கூட்டம் என்று கோடு கிழித்துவிடவும் கூடாது. மார்க்கஸ், கிடயாமா கட்டுரை இரண்டு பழமொழிகளோடு தொடங்குகிறது. கிறீச்சிடும் சக்கரத்துக்குத்தான் எண்ணெய் கிடைக்கும் என்பது அமெரிக்கப் பழமொழி. துருத்தி நிற்கும் ஆணி அடி வாங்கும் என்பது ஜப்பானியப் பழமொழி. நம்மிடம் இரண்டுமே இருக்கின்றன. ‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்பதும் நாம்தான், ‘தவளை தன் வாயால் கெடும்’ என்பதும் நாம்தான். யாரிடம் அழலாம், யாரிடம் வாயை மூட வேண்டும் என்ற கணக்குத்தான் நம் பண்பாடு. பெஞ்சில் அழுத பெரியவர் மருத்துவர் முன்னால் வாயை மூடிக்கொண்டது அந்தக் கணக்கின்படிதான்.

எந்த ஊரு?

ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்தவரின் முதல் கேள்வி பெயராக இருக்காது. “எந்த ஊரு?” என்றுதான் ஆரம்பிப்பார். நம்மில் ஒருவருக்கு ஊர் என்பது வெறும் விலாசம் இல்லை. ஊரின் மண்ணும் தண்ணீரும் மனிதனுக்குள் இறங்கி அவன் குணமாகிவிடுகிறது என்று நம்புகிறவர்கள் நாம். இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் வாலன்டைன் டேனியல் 1984-இல் வெளியிட்ட நூலில், தமிழருக்கு ஊருக்கும் ஆளுக்கும் இடையே உள்ள இந்தக் கசிவைத்தான் ஆராய்ந்தார். “அந்த ஊர்த் தண்ணி அப்படி” என்று ஒருவரின் வீம்பைப் பற்றிச் சொல்லும்போது நாம் விளையாட்டாகச் சொல்வதாக நினைக்கிறோம், பாதியேனும் நம்பித்தான் சொல்கிறோம்.

அந்தக் கேள்வியில் அன்பு இருக்கிறது. உங்கள் ஊரில் எனக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் நாம் இனி அந்நியர் இல்லை என்பது அதன் பொருள். ஆனால் அதே வாயிலிருந்து அடுத்து ஒரு கேள்வி வரும்: “அங்க எந்தத் தெரு?” முதல் கேள்வி கதவைத் திறக்கும். இரண்டாவது கேள்வி, திறந்த கதவை யாருக்குச் சாத்தலாம் என்று பார்க்கும். தமிழ்நாட்டில் பிறந்த எவருக்கும் இந்தக் கேள்வியின் உள்ளர்த்தம் விளங்காமல் போகாது. பதில் சொல்ல நேர்ந்தவர்களுக்கு, கேட்டவரின் குரல் அடுத்த வாக்கியத்தில் எப்படி மாறியது என்பதும் மறக்காது.

தமிழின் பெருமை என்று நாம் அடிக்கடி சொல்லும் ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடும் இப்படித்தான். ஆங்கில ‘வீ’யில் அந்த வேறுபாடு இல்லை, இந்தி ‘ஹம்’மிலும் இல்லை. தெலுங்கு, மலையாளத்தில் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், வெளியே நிறுத்தினால் நாங்கள். எவ்வளவு நுட்பமான கருவி! அந்த நுட்பத்தை வைத்துக்கொண்டு யாரை ‘நாம்’ என்று சேர்த்துக்கொண்டோம், யாரை ‘நாங்க வேற’ என்று நிறுத்தினோம் என்பதுதான் நம் சமூக வரலாறு.

சொல்லாமல் சொல்வது

அப்பாவுக்கும் எனக்கும் ஒருமுறை பெரிய சண்டை. வேலையை விட்டுவிட்டேன் என்பதற்காக. இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி ஹாலில் உட்கார்ந்திருந்த அப்பா, சமையல்கட்டைப் பார்த்து, எனக்குக் கேட்கும்படி அம்மாவிடம் சொன்னார்: “அவன் சாப்பிட்டானான்னு கேளு.” நான் உள்ளறையிலிருந்து சுவரைப் பார்த்துச் சொன்னேன்: “பசிக்கலன்னு சொல்லும்மா.” கொஞ்ச நேரம் கழித்து அப்பா: “தோசை ஊத்தி வைக்கச் சொல்லு. ஆறிப்போனா அவனுக்குப் பிடிக்காது.”

அந்த வாக்கியத்தில் மன்னிப்பு என்ற சொல் இல்லை. ஆனால் என் அப்பா தன் வாழ்நாளில் கேட்ட மன்னிப்புகளில் அதுதான் பெரியது. நான் எழுந்துபோய்ச் சாப்பிட்டேன்.

தமிழ் வீடுகளில் முக்கியமான எதையும் நேராகச் சொல்வதில்லை. ‘ஐ லவ் யூ’வின் இடத்தில் ‘சாப்டியா?’ இருக்கிறது. கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொன்னால் பாட்டி பதறுவார், ‘போயிட்டு வரேன்’ என்று திருத்துவார். விளக்கை ‘அணை’ என்று சொல்லாமல் ‘குளிர வை’ என்பார்கள். இப்படிச் சொல்வதற்கு இலக்கணத்தில் பெயரே இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. நாலு பேர் முன் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது, அமங்கலத்தை மங்கலமாக்கிச் சொல்வது, ஒரு தொழில்காரர்கள் தங்களுக்குள் மட்டும் புரியும்படி பேசிக்கொள்வது. மற்றவர் மனம் நோகாமல் பேசுவதை இலக்கணப் பாடமாகவே வைத்த மொழி இது.

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று பொருட்பாலில் அரசவைக்கு, இன்னொன்று காமத்துப்பாலில் காதலருக்கு. அரசனிடமும் காதலியிடமும் வேண்டியது ஒரே திறமை: வாய் சொல்லாததை முகத்தில் படிப்பது. பேச்சுக்குள் பாதியும் சூழலுக்குள் மீதியும் ஒளிந்திருக்கும் இந்த வகைத் தொடர்பைப் பற்றி அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976-இல் தனி நூலில் விரிவாக எழுதினார்.

‘நன்றி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பழந்தமிழில் அதற்கு நன்மை, செய்த உதவி என்று பொருள். செய்ந்நன்றி அறிதல் என்றால் பிறர் செய்த நன்மையை மறவாதிருத்தல். அது வாயால் சொல்லித் தீர்க்கும் கடனாக இருக்கவில்லை, மனதில் வைத்துக்கொள்ளும் கடனாக இருந்தது. அதனால்தான் தோசை போட்டுக் கொடுத்த அம்மாவிடம் ‘நன்றிம்மா’ என்றால் அவர் முகம் வாடுகிறது. “என்னடா, வெளியாள்கிட்டச் சொல்ற மாதிரி சொல்ற?” நன்றி சொன்னால் கணக்குத் தீர்ந்துவிடும். தீராமல் இருப்பதுதான் உறவு.

இந்த மௌனத்துக்கு நான் எதிரி இல்லை. அதில் வளர்ந்தவன். ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலையையும் சொல்லியாக வேண்டும். குறிப்பறியும் கடமை எப்போதும் கீழே இருப்பவர் தலையில்தான் விழுகிறது. மருமகள் மாமியாரின் முகம் பார்க்க வேண்டும். வேலைக்காரர் முதலாளியின் முகம் பார்க்க வேண்டும். மாணவி ஆசிரியரின் முகம் பார்த்துச் சந்தேகத்தை விழுங்க வேண்டும். மேலே இருப்பவர் யாருடைய முகத்தையும் படிக்க வேண்டியதில்லை. ‘உங்க இஷ்டம்’, ‘பரவாயில்லைங்க’, ‘ஒண்ணுமில்லைங்க’, ‘பாக்கலாம்’ என்ற நான்கும் நம் ஊரில் மறுப்பைச் சொல்ல வழியில்லாதவர்களின் சொற்கள். அவற்றைக் கேட்டதும் ‘சம்மதம்’ என்று எழுதிக்கொள்கிறோம். கல்யாணத்துக்குப் பெண்ணின் சம்மதம் என்று எத்தனை வீடுகளில் எழுதிக்கொண்டது இந்த மாதிரி ஒரு ‘உங்க இஷ்டம்’தான்!

பெயரைச் சொல்ல முடியாத பெண்கள்

என் பாட்டி அறுபது வருடத் தாம்பத்தியத்தில் தாத்தாவின் பெயரை உச்சரித்ததே இல்லை. வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் கேட்டபோது சுவரில் இருந்த முருகன் படத்தைக் காட்டினார். எங்கள் பெரியப்பா பெயரைச் சேர்த்து ‘அவன் அப்பா’ என்பார். ‘என்னங்க’, ‘ஏங்க’, கொங்கு நாட்டில் ‘ஏனுங்க’, யாழ்ப்பாணத்தில் ‘இஞ்சேருங்கோ’ என்று தமிழ்ப் பெண்கள் பெயர் சொல்லாமல் கூப்பிட எத்தனை வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்! தாத்தாவோ பாட்டியை ‘இந்தா’ என்பார், ‘ஏய்’ என்பார். பாட்டி கொடுத்தது ‘ங்க’, வாங்கிக்கொண்டது ‘ஏய்’. அவர்களுக்குள் அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன், இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தாத்தா செய்தது தப்பு என்று தோன்றினால், அதைச் சொல்ல ஒரு வாக்கியம் பாட்டியிடம் இல்லை. ‘ங்க’வில் முடியும் வாக்கியத்தில் ‘நீங்க செஞ்சது தப்பு’ என்பது சுலபமாக உட்காராது.

இன்று என் அக்கா மகள் தன் கணவனை ‘வாடா’ என்கிறாள், அவனும் ‘வாடி’ என்கிறான். வீட்டுப் பெரியவர்களுக்கு அது காதில் கல் விழுந்த மாதிரி இருக்கிறது. எனக்கு நிம்மதியாக இருக்கிறது. எது போகிறதோ அதுவே திரும்பி வருகிறது.

‘நாயக்கர்’ பெரியாரான கதை

கூப்பிடும் முறையை மாற்றினால் மனிதன் மாறுவான் என்று நம்பி அதை ஓர் இயக்கமாகவே நடத்திய நாடு தமிழ்நாடு. 1925 மே மாதம் ஈ.வெ. ராமசாமி நாயக்கர் ‘குடி அரசு’ வார இதழைத் தொடங்கினார். அதன் பின் வளர்ந்த இயக்கத்துக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள்: சுயமரியாதை. மனிதன் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் மதிப்பு. நிலமும் வேலையும் கோயில் நுழைவும் கேட்ட அந்த இயக்கம், இவற்றையெல்லாம் கேட்பதற்கு முதலில் ஒருவன் தன்னை மனிதனாக நினைக்க வேண்டும் என்று தன் பெயரிலேயே சொல்லிவிட்டது.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் தலைமையில் நடந்தது. பெண்ணுக்குச் சம சொத்துரிமை என்ற தீர்மானம் நிறைவேறிய அதே மேடையில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போடக் கூடாது என்ற தீர்மானமும் நிறைவேறியது. அன்று தொடங்கி முதலியார்களும் நாடார்களும் பிள்ளைகளும் தங்கள் பெயரின் வாலை வெட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். இன்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் முதலெழுத்தும் பெயருமாக மட்டும் உலகமெங்கும் போகிறார்கள். வெளிநாட்டு விசா படிவங்களில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றம் நமக்குப் பெருமை. பெயரைச் சொன்னதும் எதிரே இருப்பவரின் குரல் மாறக் கூடாது என்பதற்காக நம் பாட்டன்கள் விட்டுச்சென்ற காலியிடம் அது.

சோவியத் நாட்டையும் ஐரோப்பாவையும் பார்த்துவிட்டு 1932-இல் திரும்பிய ஈ.வெ.ரா., மற்ற அடைமொழிகள் எல்லாவற்றையும் தள்ளி ‘தோழர்’ என்றே அழைக்கச் சொன்னார். 1938 நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு அவருக்குப் ‘பெரியார்’ என்ற பெயரைக் கொடுத்தது. சாதிப் பெயரைத் தானே தூக்கிப்போட்டவருக்குப் பெண்கள் ஒரு பெயர் கொடுத்தார்கள். அவரோ தன்னைவிட எத்தனை இளையவர் வந்தாலும் ‘வாங்க’ என்றுதான் வரவேற்பார் என்று உடன் பழகியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பாதை இன்னும் முடியவில்லை. 2008-இல் தமிழ்நாடு அரசு திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்தபோது, கேலிக்குரிய சொற்களால் மட்டும் கூப்பிடப்பட்டவர்களுக்கு ‘திரு’வும் ‘நங்கை’யும் சேர்ந்த பெயர் அரசு ஆவணத்தில் ஏறியது. 2020-இல் ‘துப்புரவுப் பணியாளர்’ என்ற பெயர் ‘தூய்மைப் பணியாளர்’ ஆனது. 2025 ஏப்ரலில், ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பைக் குறித்து வந்த ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். ‘அங்க எந்தத் தெரு?’ என்ற கேள்விக்குப் பல தலைமுறையாகக் காத்திருந்த பதில் அந்தச் சொல்தான். பெயர் மாறினால் கூலி உயருமா, சாக்கடையில் இறங்குவது நின்றுவிடுமா என்று கேட்பவர்கள் சரியாகவே கேட்கிறார்கள். அவை நடந்தே தீர வேண்டும். ஆனால் ‘டேய்’ என்று கூப்பிடப்பட்டே வளர்ந்தவர் கூலி உயர்வைக் கேட்க முதலில் வாய் திறக்க வேண்டுமே!

ப்ரோ வந்த கதை

இன்றைய இளைஞர்கள் தங்கள் வழியில் இந்தச் சிக்கலை அவிழ்க்கப் பார்க்கிறார்கள். புதிதாக அறிமுகமாகும் இருவர் ‘நீ’யா, ‘நீங்க’ளா என்று தயங்கும் இடத்தில் சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவுவதைக் கவனித்திருப்பீர்கள். ‘யூ’வில் ஒளிந்துகொண்டால் தேர்வு எழுத வேண்டியதில்லை. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. அலுவலகங்களில் மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள், தமிழுக்கு மாறியதும் ‘சொல்லுங்க’ என்று வளைவதும் இதனால்தான்.

இன்னொரு கண்டுபிடிப்பு ‘ப்ரோ’. உணவு கொண்டுவரும் இளைஞர் வாடிக்கையாளரை ‘ப்ரோ’ என்கிறார், வாடிக்கையாளரும் ‘தேங்க்ஸ் ப்ரோ’ என்கிறார். ‘அண்ணே’ என்றால் வயது வேண்டும், ‘மாமா’ என்றால் சாதிமுறை வேண்டும், ‘சார்’ என்றால் பணம் வேண்டும். ‘ப்ரோ’வுக்கு எதுவும் வேண்டாம். ஒரு பக்கம் போனதே மறுபக்கமும் வருகிறது. தமிழ் கெட்டுவிட்டது என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சமமாகக் கூப்பிட்டுக்கொள்ள அந்தப் பிள்ளைகள் ஏன் வெளியிலிருந்து சொல் வாங்க வேண்டிவந்தது?

நம்மிடம் அதற்குச் சொல் இருக்கிறது. அதை அன்றைக்கே மருத்துவமனையில் கேட்டேன்.

சீட்டோடு வெளியே வந்த பெரியவர் ஊசி போடும் அறைக்குப் போனார். அம்மாவுக்கும் ஊசி இருந்ததால் நாங்களும் பின்னால் போனோம். அங்கிருந்த நர்ஸுக்கு முப்பது வயதிருக்கும். “வாங்கப்பா, மெதுவா. எங்க வலிக்குது? கையை வச்சுக் காட்டுங்க” என்றார். பெரியவர் இடுப்பைத் தொட்டார். பிறகு கை தானாகத் தொடைக்கு இறங்கியது, முழங்காலுக்கு வந்தது. “மூணு மாசமாச்சும்மா. இந்தக் காலு மரத்துப்போகுது. செருப்புக் கழண்டு விழுந்தாக்கூடத் தெரியல.”

நர்ஸ் சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டார். சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவர் அறைக்குப் போனார். “சார், மூணு மாசமாம். கால் மரத்துப்போகுதாம்” என்ற குரல் கேட்டது. ஐந்து நிமிடத்தில் வேறு சீட்டோடு திரும்பி வந்தார். “நாம ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம்பா. பயப்பட ஒண்ணுமில்ல.”

எடுக்கப்போவது அவர் இடுப்புக்குத்தான் ஸ்கேன். ஆனாலும் ‘நாம’ என்றார்.

பெரியவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டே கேட்டார்: “உனக்கு எந்த ஊரும்மா?”

நர்ஸ் சொன்னார்.

“நல்ல தண்ணி இருக்கிற ஊராச்சே” என்றார் பெரியவர். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு, நர்ஸ் கை நீட்டிக் காட்டிய பக்கம் மெதுவாக நடந்தார்.